அப்பாவுக்குச் சொல்லப்பட்ட ஆறு

என் பேரில் பாதி சந்தேகமும் முழுப் பாசமும் வைத்திருக்கும் அத்தை அவர்களுக்கு, உங்கள் வாலு பணிவாக (இந்த ஒருமுறை நிஜமாகவே பணிவாக) எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே மாமாவின் முழங்கால் உட்பட எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், எங்கள் வீட்டுச் சுவர் மெலிசு, அப்பாவின் காது கூர்மை.

அப்பா பஸ் ஓட்டுவதை விட்டு டிப்போவில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சாவி கொடுக்கிறவருக்கு யார் சாவி கொடுப்பது என்று நான் கேட்டதற்கு அம்மா முறைத்தாள். சந்தைத் திருப்பத்தில் குறுக்கே வந்த சைக்கிள்காரருக்குக் கால்தான் முறிந்தது, அதுவும் கூடிவிட்டது, அப்பா மேல் தப்பில்லை என்று விசாரணையிலும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட்டால் அவருக்குக் கை நடுங்குகிறது. வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை சாவிதான். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், "படிடி" என்கிறார், எல்லாம் செய்கிறார். ஆனால் தெருவில் பஸ் போனால் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. இருபது வருஷம் பஸ் ஓட்டியவர், அத்தை.

அதனால் டிப்போ டாக்டர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அம்மாவுக்குத் தையல் ஆலையில் காலை ஷிப்ட், ஆகவே துணைக்கு நான். வெள்ளைச் சுவர், இரண்டு நாற்காலி, ஓடாத கடிகாரம். அந்த மேடம், "ஆழ்மனசுக்கு வார்த்தை புரியாது, படம்தான் புரியும். பயத்தை மாத்தணும்னா படத்தை மாத்தணும்" என்றார். "எங்கப்பாவுக்குப் படம் காட்டவே தெரியாது மேடம்" என்றேன். அப்பா என் தொடையில் கிள்ளினார். பிறகு மேடம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்.

"மனசுக்குள்ள ஆறு கொண்டு வாங்க. தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"எப்படி இருக்கு?"

"பெருசா. மஞ்சளா."

"புது வெள்ளம் போல. பரவாயில்ல. ஓடுதா?"

"இல்ல, நிக்குது."

"ஓட விடுங்களேன்."

"ஓட விட்டா இடிச்சிரும் மேடம்."

மேடத்தின் பேனா நின்றது. "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"உள்ளதான்."

"உள்ளேயா? மெல்ல வெளிய வாங்க."

"இறங்க முடியல மேடம்," என்றார் அப்பா. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எனக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

தினமும் அந்த ஆற்றை வரைந்து பாருங்கள், மனசு தானாக ஆறும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அப்பா என் கலர் பென்சில்களை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தால், தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு மஞ்சள் 6. "ஆறு எங்கப்பா?" என்றேன். "கண்ணு அவிஞ்சு போச்சா? இதென்ன ஏழா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை, அப்பா ஓட்டிய பஸ் ஆறாம் நம்பர்! நெற்றியில் மஞ்சள் விளக்கு எரியுமே, அதே பஸ். மேடம் தண்ணீரைக் காட்டி ஆற்றப் பார்த்திருக்கிறார், இவர் போய் அந்த பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்!

தினமும் வேலை விட்டு வந்ததும் வரைகிறார். வரையும்போது வேர்க்கிறது. ஒருநாள் சிரிக்கவைக்கலாம் என்று தாளைத் தலைகீழாகத் திருப்பி, "இப்ப ஒன்பதுப்பா, அந்த ரூட்ல கூட்டமே இருக்காது" என்றேன். சிரிக்கவில்லை. தாளை வாங்கி நேராக வைத்துவிட்டுத் தொடர்ந்தார். அப்புறம் எண்ணுக்குக் கீழே சக்கரம் வந்தது. ரோடு வந்தது. ரோட்டில் விழுந்து கிடக்கும் ஒருவர் வந்தார். தினமும் அவர் கிடந்தார், தினமும் அப்பா பென்சிலை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நேற்று என்ன தோன்றியதோ, அந்த மனிதரை எழுப்பி நிறுத்தியிருக்கிறார். சைக்கிளையும் நிமிர்த்திக் கையில் கொடுத்திருக்கிறார். ஆனால் டம்ளரை எடுத்த கை இன்னும் நடுங்குகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு மனிதர் தன்னைத்தானே வதைத்துக்கொள்ளலாமா? நான் சொன்னால் இதுவும் என் குறும்பு என்றுதான் நினைப்பார். அவர் காதில் ஏறுவது அக்காவான உங்கள் பேச்சு மட்டும்தான். தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு, "டேய், அது தண்ணி ஓடுற ஆறுடா" என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி மாமாவுக்கு என் வணக்கம். என் மேல் இருக்கும் பழைய கோபங்களையெல்லாம் மன்னித்து ஆசீர்வதியுங்கள், புதியவற்றுக்கு இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள வாலு

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். உறை வாங்கச் சோம்பல்பட்டதில் வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது, நானே சொல்லிவிட்டேன். அப்பா ஷூ மாட்டிக்கொண்டே, "தெரியும்டி. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியிலேயே புரிஞ்சுபோச்சு" என்றார். "அப்புறம் ஏம்பா இதையே வரைஞ்சீங்க?" என்றேன். "ஆத்துல எனக்கென்ன வேலை? நான் என்ன படகா ஓட்டுறேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தேறிவிட்டார், அத்தை. எந்த ரூட் வேண்டும் என்றதற்கு ஆறு என்றிருக்கிறார். இன்று திங்கட்கிழமை, அவருடைய முதல் நடையில் நானும் ஏறினேன். சந்தைத் திருப்பம் வந்ததும் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு படமும் வரவில்லை. திறந்து பார்த்தபோது திருப்பம் பின்னால் போயிருந்தது.