ரத்தம் கக்கிய பீட்ரூட்

மண்டபம் கொள்ளாத கூட்டம். படிக்கட்டில் கூட்டம், வாசலில் கூட்டம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டும் நாலு பேர். படித்தவர்களுக்கு முன்வரிசை. ஏமாறுவதிலும் முன்னுரிமை!

எதைப் பார்க்க? பீட்ரூட்டைப் பார்க்க.

உங்கள் பெயரைச் சொல்லி, நன்றாகக் கழுவிய ஒரு பீட்ரூட் துண்டை, மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மகான் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போடுவார். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் நீங்கள் சுத்தம். சிவந்தால் உடம்பில் சாபம். அதை எடுக்க மோதிரமோ வளையலோ கழற்ற வேண்டும். அதிசயம் என்னவென்றால், மோதிரம் இல்லாதவரைச் சாபம் அண்டுவதே இல்லை.

தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு வலிப்பு நோய். அவள் டம்ளர் சிவந்தது. "மாத்திரைதான் சாபத்துக்குத் தீனி. நிறுத்து" என்றார் மகான். நிறுத்தினாள். பத்தாம் நாள் மெஷின் மேலேயே விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

அவள் அக்கா ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுப்பவள்.

"மாத்திரையைப் போடுடி."

"சாபம் இன்னும் முழுசாப் போகலக்கா. மறுபடி வரச் சொல்லியிருக்கார்."

"சரி, நானும் வர்றேன்."

அன்றும் தங்கையின் டம்ளர் சிவந்தது. அக்கா குனிந்து முகர்ந்தாள். சென்ட் வாசனைக்கு அடியில், ஊசி குத்துமுன் அவள் தினமும் தோலில் தடவும் மருந்தின் வாசனை! மேஜையில் இரண்டு தண்ணீர் ஜாடிகள், ஒன்று திறந்தது, ஒன்று மூடியது. சிவக்க வேண்டியவர்களுக்கு மட்டும் மூடி போட்ட ஜாடி.

"ஐயா, இன்னொரு பேருக்கும் பார்க்கணும்."

"யாருக்கும்மா?"

"நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு."

மண்டபமே சிரித்தது. மகான் முறைத்தார். "விளையாடுறியா?"

"நாற்காலிக்கு ஏதுங்க சாபம்? தண்ணி தெளிவாத்தானே இருக்கும்?"

"செய்யுங்க சாமி, அந்தம்மா வாயை அடைச்ச மாதிரி இருக்கும்!" என்றார் முன்வரிசை பக்தர்.

மகானின் கை திறந்த ஜாடிக்குப் போவதற்குள், அக்கா மூடி போட்ட ஜாடியை எடுத்து ஊற்றிவிட்டாள். துண்டைப் போட்டாள். பத்து நிமிடத்தில் நாற்காலி ரத்தம் கக்கியது.

"இதுல உட்கார்ந்த பாவியோட சாபம் அது!" என்று பதறினார் மகான்.

"உட்கார்ந்திருக்கிறது நீங்கதானேய்யா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

பிறகு அவள் குழாய்த் தண்ணீர் பிடித்து, தங்கை பெயரைச் சொல்லி ஒரு துண்டு போட்டாள். கால் மணி நேரமாகியும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பீட்ரூட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் இருக்கு. அதுக்குள்ளதான் சிவப்புச் சாறு. பையோட சவ்வுல கொழுப்பு இருக்கு. சும்மா தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது. ஸ்பிரிட் பட்டா சவ்வு இளகிக் குலைஞ்சிடும், சாறு வெளியே வந்துடும். சாபமும் இல்ல, ரத்தமும் இல்ல. ஜாடியில இருக்கிறது ஸ்பிரிட்!"

முன்வரிசை பக்தர் ஜாடியை முகர்ந்தார். முகம் சுருங்கியது. "என் மோதிரம் எங்கேய்யா?" என்று பாய்ந்தார். மகான் பின்கதவைத் தேடினார். அங்கேயும் கூட்டம்தான்.

தங்கை தெளிந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நெற்றித் தையலைத் தடவியது. "மாத்திரை கொண்டுவந்திருக்கியாக்கா?" என்றாள் மெதுவாக.

பீட்ரூட்டின் சவ்வைக் குலைக்க ஒரு ஜாடி ஸ்பிரிட் வேண்டியிருந்தது. நம் அறிவைக் குலைக்க வெறும் வாய்ப்பேச்சே போதும் என்றால், நம்மைவிட அந்தக் கிழங்கு கெட்டி. யோசியுங்கள் ஐயா!