முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்த ஸ்டெப்னி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் காரின் நான்கு சக்கரங்களும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் தங்கள் துணைவியாரும் தாங்கள் வேலை பார்க்கும் கார் ஷோரூமும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நான் ‘ஸ்டெப்னி’ என்று ஆரம்பித்த உடனே தங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடைசி வரி வரை படிக்கவும்.

நான்கு மாதம் முன்பு தாங்கள் சாவியைக் கையில் கொடுத்து, கைகுலுக்கி, போட்டோவும் எடுத்து எனக்கு ஒரு கார் விற்றீர்கள். நல்ல கார். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். குழிக்குள் ஒரு சக்கரம் படுத்திருந்தது. அகலம் அரைச் சாண்தான் இருக்கும். மேலே மஞ்சள் ஸ்டிக்கர்: எண்பதுக்கு மேல் போகாதே, தற்காலிகத்துக்கு மட்டும் என்று. யாரோ குழந்தையின் விளையாட்டுச் சாமானை மறந்து வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்களைக் கூப்பிட்டால், “மாமா, அது இடத்தை மிச்சம் பண்ற ஸ்டெப்னி. இப்ப நிறைய வண்டியில இதான் வருது. எடை கம்மி, டிக்கியில இடம் ஜாஸ்தி” என்றீர்கள். “இடத்தை மிச்சம் பண்ணணும்னா ஸ்டியரிங்கையும் பாதியா குடுத்திருக்கலாமேப்பா” என்றேன். அப்போதுதான் முதல் தடவை சிக்னல் போனது.

நான் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன். ஒரு லிஃப்டைத் தாங்க இரண்டு கம்பிக் கயிறு போதும், ஆனால் ஐந்து போட்டிருப்பார்கள். ஐந்தும் ஒரே தடிமன். ஆபத்துக்குத்தானே என்று யாரும் அதில் ஒன்றைப் பூக்கட்டும் நூலாகத் தொங்கவிடுவதில்லை. நம் ரோடுகள் உங்களுக்குத் தெரியாதவையா? குழிக்கு நடுவில் ரோடா, ரோட்டுக்கு நடுவில் குழியா என்று பட்டிமன்றமே வைக்கலாம். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள், சக்கரம் பாதி என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. இந்தக் கோபத்தில்தான் உங்கள் மாமனார் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் உங்களை ‘அரைச்சக்கரம்’ என்று கூப்பிட்டுவிட்டேன். அவர்கள் இன்னும் அப்படியே கூப்பிடுவதாகக் கேள்வி. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மறுநாளே டயர் கடைக்குப் போய் முழுச் சக்கரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர், “சார், இது அந்தக் குழிக்குள்ள போகாது” என்றார். போகாவிட்டால் மேலே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு வந்தேன். டிக்கியின் விரிப்பு கர்ப்பிணி மாதிரி மேடிட்டு நின்றது. உங்கள் அக்கா வீடு வீடாகத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள், துணி மூட்டையை அங்கே வைத்தால் அது சறுக்கி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் ‘தொம்’ என்று ஒரு குதி குதிக்கும், உங்கள் அக்கா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். சரி, வம்பே வேண்டாம் என்று சக்கரத்தைப் பின்சீட்டில் ஏற்றி பெல்ட் போட்டுவிட்டேன். கண்ணாடியில் அதைப் பார்த்தவள், “பின்னாடி வர்றது யாரு, உங்க சித்தப்பாவா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எங்கே விதி விட்டது?

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அளவெடுக்கப் போனோம். உங்கள் அக்கா மாடியில் இருக்கும்போதே வாட்ச்மேன் பழைய திரைகளையும் எட்டு இரும்புக் கம்பிகளையும் கீழே கொண்டுவந்து, பின்சீட் முழுக்க அடுக்கிவிட்டுப் போனார். டிக்கியில் ஏற்கெனவே புதுத்துணி. சித்தப்பாவுக்கு இடம் இல்லை. பத்து நிமிஷப் பயணம்தானே, அவள் பின்னால் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வாள் என்று கணக்குப் போட்டு, சக்கரத்தை முன்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன். வழியனுப்ப டாக்டரம்மாவும் கூடவே கீழே இறங்கி வந்துவிட்டார். குனிந்து பார்த்து, “பெல்ட் வேற போட்டிருக்கு” என்றார். உங்கள் அக்கா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவள் கத்தினால் பயமில்லை, அது உனக்கே தெரியும். “துணி உங்ககூட வரட்டும். நான் பஸ்ஸில போறேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள், தம்பி. பத்தொன்பது நாளும் அவள் பஸ்ஸில், அவளுடைய துணி மூட்டையோடு நான் பின்னால் காரில். பஸ் நின்றால் நிற்பேன், கிளம்பினால் கிளம்புவேன். ஒருநாள் கண்டக்டர் இறங்கி வந்து, “டிக்கெட் எடுக்காம எங்க பின்னாடியே வர்ற ஒரே பாசஞ்சர் நீங்கதான் சார்” என்றார். நானாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாதுகாப்புக்காகச் செய்ததற்கு மன்னிப்பா என்று ஒரு வீம்பு. ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து, “பார்த்து, பார்த்து” என்று சொல்ல அவள் இல்லாமல் எனக்கு வண்டியே ஓட்ட வரவில்லை. சக்கரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தது. அழுகையாக வந்தது.

இருபதாவது நாள்தான் அது நடந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது பின்பக்க இடது டயர் புஸ்ஸென்று இறங்கியது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. பின்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. நான் இறங்கிப் பார்த்தேன், ஆணி. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்? யார் சொன்னது சரி என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்சீட்டுக் கதவைத் திறந்தேன். பெல்ட்டில் கை வைத்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. இந்த நல்ல சக்கரத்தை இப்போதே மாட்டிவிட்டால் அப்புறம் ஆபத்துக்கு மிச்சம் இருப்பது அந்த அரைச்சக்கரம்தானே? அதை இப்போது மாட்டினால் முழுசு பத்திரமாக இருக்குமே? லிஃப்டுக்காரன் புத்தி அப்படித்தான் போகும். நாலு மாதம் உன்னைத் திட்டிய வாயோடு, நீ கொடுத்த அந்தச் சின்னச் சக்கரத்தையே டிக்கியிலிருந்து எடுத்து வந்தேன்.

நட்டு ஒன்று அசையவில்லை. முட்டி போட்டு ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேலே நிழல் விழுந்தது. உன் அக்கா! அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் அவ்வளவு தூரம் திரும்பி நடந்து வந்திருக்கிறாள். “முட்டிவலிக்காரர் நடுரோட்டில முட்டி போட்டா பார்த்துக்கிட்டா போக முடியும்? தள்ளுங்க” என்றாள். ஸ்பேனர் மேல் ஒரு காலை வைத்து ஒரே மிதி. நட்டு ‘கிரீச்’ என்று கழன்றது. தையல் மெஷினை மிதித்த கால் அல்லவா!

மாட்டி முடித்தாயிற்று. பஞ்சரான சக்கரம் சேறும் சகதியுமாக நிற்கிறது. அந்தச் சின்னக் குழியில் அதுவும் போகாது. அதை டிக்கியில் போட்டு, துணியெல்லாம் பின்சீட்டுக்கு வந்து, இனி கார் முழுக்க ஒரே ஒரு இடம் பாக்கி. அந்த இடத்தில் சித்தப்பா பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அவரு இறங்குறாரா, நான் அடுத்த பஸ்ஸைப் பார்க்கட்டுமா?”

பெல்ட்டைக் கழற்றினேன். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரிடம், “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றேன். “சைக்கிளுக்கு இது பெருசு சார்” என்றார் பாவம். திரும்பி வந்தபோது அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எண்பது வரை போகலாம் என்று ஸ்டிக்கரில் இருந்தாலும் நான் முப்பதிலேயே போனேன். வண்டி அவள் பக்கம் இம்மியளவு சாய்ந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது, லிஃப்டுக்காரனுக்குத் தெரியும். முதல் வேகத்தடையில் அவள் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்து, “பார்த்து!” என்றாள். பார்த்துத்தான் போனேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஆகவே மைத்துனர் அவர்களே, நான் தோற்றேன். நம் ரோட்டுக்கு அந்தச் சின்ன ஸ்டெப்னி போதும். பஞ்சர் ஒட்டியாயிற்று, தங்கள் சக்கரம் மறுபடி அதன் குழியில் படுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு துரும்புகூட இனி இந்தக் காரில் ஏறாது. ‘அரைச்சக்கரம்’ என்ற பட்டத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தங்கள் மாமனாரிடம் காட்டலாம். தங்கள் வண்டியும் வாழ்க்கையும் காற்று இறங்காமல் ஓட எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
திருந்திய மாமா

பின்குறிப்பு: மாமனாரிடம் காட்டும்போது இந்தப் பகுதியைக் கிழித்துவிடவும். குழியில் ஒரே ஒரு சின்னச் சக்கரம் தனியாகக் கிடப்பதைப் பார்த்து எனக்கு நான்கு நாள் தூக்கம் வரவில்லை. அதுவும் பஞ்சரானால்? அதனால் நீங்கள் விடுமுறையில் இருந்த அன்று உங்கள் ஷோரூமுக்கே போய் இன்னொரு சின்னச் சக்கரம் வாங்கிவிட்டேன். ஒல்லிதான் என்பதால் முன்சீட்டுக்குப் பின்னால் ஒருக்களித்து நிற்கிறது. டாக்டரம்மா திரையில் மிஞ்சிய நீலத் துணியைப் போர்த்தி, மூட்டை மாதிரி வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று எழுத நினைத்தேன். ஆனால் இன்று காலை காரில் போகும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பின்னாடி நீலத்துணி போர்த்திட்டு நிக்கிற உங்க சின்னச் சித்தப்பாவுக்குக் காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். அறுபது என்றேன். அவள் இறங்கவில்லை.