அப்பா என்பதற்கு என்ன அத்தாட்சி

அன்பு மகளுக்கு, ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குப் பணியாளர் எண் 4417, அதாவது உன் அப்பா, எழுதிக்கொள்வது. இந்த எண்ணைக்கூடக் கழுத்து அட்டையைத் தூக்கிப் பார்த்துத்தான் எழுதினேன். தலைகீழாகப் பார்த்து ஒரு தடவை தப்பாகவும் எழுதி அடித்தேன். இங்கே நானும் அம்மாவும் நலம். தலைமை அலுவலகத்தில் நீயும் நலமாயிருப்பாய். நலமில்லாதது என் மானம் ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உங்கள் கணினிப் பிரிவு உத்தரவு போட்டதா, சனிக்கிழமை மாற்றினேன், ஞாயிற்றுக்கிழமை மறந்தேன். திங்கள் காலை மூன்று தடவை தப்பாக அடித்ததும் கணினி கதவைச் சாத்திவிட்டது. அதில் பதியாமல் ஒரு விரிப்புகூட வெளியே போகக்கூடாது. மேலே ஆபரேஷனுக்கு நோயாளி தயார், எதிரே தள்ளுவண்டியோடு நர்ஸம்மா. "கவலைப்படாதீங்க, அதை மாத்திக் குடுக்கறதே என் பொண்ணுதான்" என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டு, நாலு பேர் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரிலும் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்பா பேசறேன் கண்ணு" என்கிறேன், "பணியாளர் எண் சொல்லுங்க சார்" என்கிறாய். உனக்கு சைக்கிள் பழக்கி முழங்கால் தேய்ந்தவன் சாரா? "என் குரல்கூடவா தெரியல?" "குரலை வெச்சு மாத்தக் கூடாது சார். பதிவு பண்ணின போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போடுங்க." நர்ஸம்மா கூரையைப் பார்த்தார்.

பதிவு செய்த போன் உன் அம்மாவுடையது. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஏது போன். அவளைக் கூப்பிட்டால், "யாரு கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்கா" என்கிறாள்.

"நான்தான்டி."

"அவர் குரல் மாதிரிதான் இருக்கு. அதான் எனக்குச் சந்தேகமே. நம்ம கல்யாணம் என்னைக்கு, சொல்லுங்க பாப்போம்."

சுவர் காலண்டரைப் புரட்டினேன்.

"தெரியலையா? அப்போ அவரேதான். ஆனாலும் சொல்ல மாட்டேன்."

கடைசியில் மேற்பார்வையாளர் இறங்கி வந்து, அட்டையையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்து, இது நான்தான் என்று உனக்கு உறுதி சொன்னார். ஆபரேஷன் அரை மணி தள்ளிப்போனது. டாக்டர் பேசியதை எழுதினால் தாள் கருகும். உங்கள் மேலாளருக்குப் புகார் எழுதி உறையில் ஒட்டியும் வைத்துவிட்டேன். பெற்ற பெண் என்றும் பார்க்கப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கோபம் ஆறும்வரை, சாரின் ஆசிகள்.

பின்குறிப்பு: புகாரைக் கிழித்துவிட்டேன். புதன்கிழமை கிடங்குக்கு ஒரு போன். "அப்பா, நான்தான். புது பாஸ்வேர்டு சொல்லுங்க, சரிபார்க்கணும்." உன் குரல், கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. "உங்க பணியாளர் எண் சொல்லுங்க மேடம்" என்றேன். பட்டென்று வைத்துவிட்டார்கள். அப்போதுதான் உள்ளே வந்த நர்ஸம்மா கைதட்டினார். உடனே உன்னைக் கூப்பிட்டு, எண் சொல்லி, மேற்பார்வையாளரையும் பக்கத்தில் நிறுத்தி மறுபடி மாற்றிக்கொண்டேனே, "ஏன் சார் அதுக்குள்ள?" என்று கேட்டாய். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றேன். அத்தனை பேர் எதிரில் சொல்லாதது இதுதான்: 'அப்பா' என்று காதில் விழுந்ததுமே பாஸ்வேர்டின் முதல் ஐந்து எழுத்தைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் எண் கேட்டேன்.