விரதம் இருந்த கல்

கோயம்புத்தூர்க்காரனுக்கு மோட்டாரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நாட்டில் எந்த மூலையில் கிணறு வெட்டினாலும் அதற்குள் இறங்குகிற பம்ப்செட் எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான் என்று மார்தட்டிக்கொள்கிற ஊர். அப்பேர்ப்பட்ட ஊருக்கு வந்து, "மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கல் ஒன்று போதும், தண்ணீர் தானாக மேலே வரும்" என்று ஒருவர் சொன்னார். சனங்கள் சிரித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? காரை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

அன்னூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஆளுயரப் பேனர்: "ஈராயிரம் ஆண்டுகளாக மறைக்கப்பட்ட ஆதிசிற்பிகளின் சுழல்கல்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!" எந்த விஞ்ஞானி, எப்போது அதிர்ந்தார், இப்போது உடம்பு தேவலையா என்று பேனரில் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. துடியலூரிலிருந்து வந்தவர்கள், அந்தியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், பம்ப் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் என்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் இளநீர் வெட்டியவருக்கு மட்டும் உண்மையாகவே நல்ல காலம் பிறந்திருந்தது.

மேடையில் வீற்றிருந்தவர் ஆதிசிற்பி மோகனானந்தா. முந்தைய அவதாரத்தில் அவர் பெயர் மோகன்குமார். ஈமு கோழிக்கு ஏஜெண்டு. ஈமு பறக்காது. மோகன்குமார் பணத்தோடு பறந்துவிட்டார். தாடி வளர்கிற வரைக்கும் வெளியூரில் இருந்துவிட்டு, காவி வேட்டியும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட உளியுமாக இப்போது திரும்பி வந்திருந்தார்.

மேடை நடுவில் பட்டுத்துணி சுற்றிய பீடம். அதன் மேல் கருங்கல் சக்கரம். சாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். கல் மெல்லச் சுற்றும். சுற்றச் சுற்ற அதன் நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கும். அதோடு விட்டாரா? மண்டபத்து மெயினை அணைக்கச் சொல்வார். ஃபேன் நிற்கும், விளக்குப் போகும், மைக் ஊமையாகும். கல் மட்டும் நிற்காது! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் போனை உயர்த்திப் படம் பிடிப்பார்கள்.

"நம்ம முன்னோர்கள் மூலிகைச் சாறு ஊத்திக் கல்லை உருக்குனாங்க! மந்திரத்துல பாறையத் தூக்குனாங்க!" என்று சாமி முழங்குவார். "வெள்ளைக்காரன் வந்து அத்தனையும் மறைச்சுப்போட்டு, நம்ம கையில மோட்டாரைக் குடுத்துட்டுப் போயிட்டான்!"

கைதட்டலில் கூரை அதிரும். கைதட்டியவர்களில் பாதிப்பேர் மோட்டார் விற்றுத்தான் வீடு கட்டியிருந்தார்கள்.

சுழல்கல் வேண்டுமென்றால் சும்மா கிடைக்காது. கரண்டின் சூடு பட்ட நிலத்தில் கல் விழிக்காதாம். அதனால் போர்வெல் மோட்டாரையும் அதன் செப்புக் கம்பியையும் கழற்றிச் சாமியிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக்கு இருக்கிற இலவச மின் இணைப்பை வேண்டாமென்று மின்வாரியத்துக்கு எழுதிய கடிதத்தையும் கல்லின் காலடியில் வைக்க வேண்டும். செம்பு என்றால் கல்லுக்குக் கொள்ளைப் பிரியம் போலிருக்கிறது. கடிதம் எதற்கு என்கிறீர்களா? இணைப்பே போன பிறகு மோட்டாரைத் திருப்பிக் கேட்டு எவன் வரப்போகிறான்?

திருமூர்த்தி அப்படி ஒரு கடிதத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, சட்டைப்பையில் வைத்திருந்தான். அது அவன் மனைவி புவனாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அந்த இணைப்புக்கு அவள் மாமனார் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்தே கண்ணை மூடினார். அதற்கப்புறம்தான் கம்பம் நட்டார்கள். அதை நம்பி நாலு ஏக்கரில் வாழை குலை தள்ளி நின்றது. ஒருமுறை விட்டுக் கொடுத்தால் மறுபடி கிடைக்க இன்னொரு தலைமுறை ஆகும். அதற்குள் வாழை சருகாகி, தோட்டம் கைமாறி, அவர்கள் எங்கே போய் நிற்பார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"ஏனுங்க, கல்லு எப்படிங்க தானாச் சுத்தும்?"

"உனக்கென்ன தெரியும் அம்மணி? அது சித்தருக தொழில்நுட்பம்."

"கல்லு சுத்தறது ஒரு அதிசயமுங்களா? நம்ம ஊட்டுலயுந்தான் ஒரு கல்லு சுத்துது. சுவிட்சைப் போட்டா."

கிரைண்டரைச் சொன்னாள். திருமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. தெய்வ காரியத்தோடு இட்லி மாவைச் சேர்த்துப் பேசலாமா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் விஷயம் மாவில்தான் இருந்தது.

மாதம் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அதைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற முதல் வேலை அரிசி ஊறப்போடுவது. ஷட்டவுனுக்கு முன்னால் மாவாட்டி வைத்துவிட வேண்டும். அமாவாசையை மறந்தாலும் மறப்பார்கள், ஷட்டவுனை மறக்கமாட்டார்கள். புவனாவும் அப்படித்தான். அவள் மாவாட்டிவிட்டு ஓய்கிற மறுநாள் எல்லாம், மண்டபத்துக்குப் போன திருமூர்த்தி போன சுருக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"இன்னிக்குக் கல்லு விரதமாம். சுத்தாது."

ஒருதரம் சரி. அடுத்த மாதமும் ஷட்டவுன் அன்றைக்கே கல்லுக்கு விரதம். இந்த மாதம் புதன்கிழமை ஷட்டவுன் என்று பேப்பரில் போட்டிருந்தது. புதன்கிழமை கல்லுக்கு விரதம் என்று மண்டப வாசலில் போட்டிருந்தது. ஆனால் புதன்கிழமை கரண்ட் போகவே இல்லை! ஃபேன் ஜம்மென்று ஓடியது. கல் மட்டும் பட்டினி கிடந்தது.

புவனா லைன்மேன் அன்புமணிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க தம்பி, இன்னிக்கு ஷட்டவுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே?"

"பள்ளிக்கூடத்துல பரீச்சைன்னு தள்ளி வெச்சுட்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை நிறுத்தறோம். பேப்பருக்குச் சொல்ல நேரமில்லீங்க."

வெள்ளிக்கிழமை! அன்றைக்குத்தான் மண்டபத்தில் சமர்ப்பண விழா. கடிதத்தையும் மோட்டாரையும் கொடுக்கிற நாள். புவனா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். திருமூர்த்தியிடம் விரதக் கணக்கை மட்டும் சொல்லிப் பார்த்தாள். "சாமிக்கும் கரண்டுக்கும் முடிச்சுப் போடாதே" என்றான். வெள்ளிக்கிழமை சமாச்சாரத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாமி காதுக்குப் போனால் அன்றைக்கும் கல்லுக்கு விரதம் வந்துவிடுமே!

வெள்ளிக்கிழமை காலையிலேயே திருமூர்த்தியின் மோட்டார் சாமியின் லாரியில் ஏறிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு மோட்டார்கள் கிடந்தன. புவனா, தோட்டத்து வேலைக்கு வரும் மாரியாத்தாளையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மாரியாத்தாளுக்கு அரை ஏக்கர் சொந்தமாக உண்டு. வாய் பத்து ஏக்கருக்குப் போதும்.

கல் சுற்றியது, தண்ணீர் கொப்பளித்தது, கடிதம் வைப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். திருமூர்த்தி மூன்றாவது ஆள்.

மாரியாத்தாள்தான் முதலில் எழுந்தாள். "ஏனுங்க சாமி, இந்தக் கல்லு அந்தக் காலத்துல இருந்தே இருக்குதுங்களா?"

"ஈராயிரம் வருசமா இருக்குது தாயி."

"அப்ப எங்கய்யன் எதுக்குங்க சாமி மாட்டைப் பூட்டிக் கவலை ஏத்தம் ஓட்டுனாரு? கெணத்துல இருந்து தோல்சாலுல தண்ணி எறச்சு எறச்சே முதுகு ஒடிஞ்சு போனாருங்க. ஒரு சித்தராச்சும் வந்து, இந்தாய்யா கல்லுன்னு குடுத்திருக்கலாமுல்லங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சாமி, "தகுதி உள்ளவங்களுக்குத்தான் கல்லு" என்றார். மாரியாத்தாள் முகம் சிவந்துவிட்டது. முதுகொடிய உழைத்தவனுக்கு இல்லாத தகுதி கழுத்தில் உளியைத் தொங்கவிட்டவனுக்கு எப்படி வந்தது என்று அவள் வாய்க்குள் கேட்டதை முன்வரிசை முழுக்கக் கேட்டது.

புவனா எழுந்தாள். "சாமி, கல்லுக்குக் கரண்ட் துளிகூட வேண்டாமுங்களா?"

"கரண்ட் பட்டாலே ஆகாது கண்ணு."

"ஊரு பூராக் கரண்ட் போனாலும் சுத்துமுங்களா?"

"உலகம் பூராப் போனாலும் சுத்தும்!" கைதட்டல்.

"அப்ப ஷட்டவுன்னு பேப்பர்ல போடற நாளாப் பாத்து ஏனுங்க விரதம் இருக்குது?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. "அட, ஆமாங்கக்கா! நான் மாவாட்டி வெச்ச மறுநாத்தான் இங்க வந்து ஏமாந்து திரும்புனேன்" என்றாள் ஒருத்தி. "நானுந்தான்" என்றாள் இன்னொருத்தி. மாவுக்கணக்கு பொய் சொல்லாது.

ஆனால் மோகனானந்தா லேசுப்பட்டவரா? தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"புதன்கிழமை கரண்ட் இருந்துச்சா இல்லியா? இருந்துச்சு! இருந்தும் கல்லு விரதம் இருந்துச்சு. கரண்ட்ல ஓடற கல்லா இருந்தா, கரண்ட் இருக்கறப்ப ஓடோணுமுல்ல கண்ணு?"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். புவனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திருமூர்த்தி வரிசையிலிருந்தே, "உக்காரு புவனா, மானத்தை வாங்காதே" என்று பல்லைக் கடித்தான். முதல் ஆள் கடிதத்தை வைத்தார். இரண்டாம் ஆள் குனிந்தார்.

சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. கல் சுற்றிக்கொண்டே இருந்தது. அய்யோ, இன்றைக்கும் தள்ளி வைத்துவிட்டார்களா? மாவு பாதி அரைகிறபோது நிற்கிற கரண்ட், சீரியலில் கல்யாணம் நடக்கிறபோது நிற்கிற கரண்ட், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கமாட்டேன் என்கிறதே! பிறந்ததிலிருந்து மின்வாரியத்தை வைதே பழகிய புவனா, முதல்முறையாகக் கரண்ட் போகவேண்டும் என்று ஏங்கினாள். திருமூர்த்தி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான்.

ஃபேன் நின்றது. விளக்குப் போனது. மைக் ஊமையானது.

கல் இன்னும் ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. அப்புறம் நின்றது. கொப்பளித்த தண்ணீர் கொர்ரென்று ஓசையிட்டு உள்ளே இறங்கிப்போனது.

சாமிதான் முதலில் வாய் திறந்தார். "எவன்டா மெயினை அணைச்சது?"

மெயின் பக்கத்தில் நின்ற கையாள் அப்பாவியாகக் கத்தினான். "மெயின் ஆன்லதானுங்க சாமி இருக்குது!"

அந்தப் புண்ணியவானுக்கு ஊர் கோயில் கட்டினாலும் தகும்.

"இது... ஒரு தீட்டுப் பட்டிருக்குது. சந்தேகப் பார்வை பட்டுக் கல்லு கோவிச்சுக்கிச்சு" என்று சாமி தடுமாறினார்.

"கோவம் அஞ்சு மணிக்குத் தீந்துருமுங்க சாமி" என்றாள் புவனா. "அதுவரைக்கும் ஷட்டவுன். புதன்கிழமையில இருந்து மாத்திட்டாங்க, பேப்பர்ல போடலை. நீங்க பேப்பரைப் பாத்து விரதம் வெக்கறீங்க, பாவம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திருமூர்த்தி கையில் கடிதத்தோடு அப்படியே நின்றான். "மெயினை அணைச்சப்ப நிக்கலியே புவனா?" என்றான், சின்னக் குரலில்.

"மண்டபத்து மெயினைத்தானுங்க அணைச்சாங்க. பக்கத்து ஊட்டுக் கரண்டை யாரு அணைச்சா?"

அதற்குள் மாரியாத்தாள் மேடையேறிப் பட்டுத்துணியை ஒரே இழுப்பில் உருவிப்போட்டாள். ஈராயிரம் ஆண்டுத் தொழில்நுட்பம் அம்மணமாக நின்றது: ஒரு கிரைண்டர் மோட்டார், அதில் மாட்டிய பெல்ட், ஒரு குட்டி பம்ப், தண்ணீர்த் தொட்டி. எல்லாம் கோயம்புத்தூரில் செய்தவை. ஒரு ஒயர் சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பின்னால் தனி இணைப்போடு இருந்த குடோனுக்கு ஓடியது.

"எங்க ஊட்டு கிரைண்டரேதானுங்கோ!" என்று ஒரு பெண் கூவினாள்.

மோகனானந்தாவுக்கு அந்த நேரத்திலும் வாய் ஓயவில்லை. "கிரைண்டரும் நம்ம ஊருத் தொழில்நுட்பந்தானே..."

"ஆமாங்க, அதனாலதான் வயிறெரியுது!" என்றாள் புவனா. "ஆட்டுக்கல்லுல கை ஓஞ்சுபோன பொம்பளைகளுக்காக எவனோ ராவும் பகலும் மண்டையப் போட்டு ஒடச்சுக் கண்டுபுடிச்சான். அதைத் துணி போட்டு மறைச்சுச் சித்தர் கணக்குல எழுதறீங்க. பேரூர்க் கோயில் தூணைச் செதுக்குனவன் விரலு நைஞ்சுதான் செதுக்குனான். அவன் வேர்வையத் தொடச்சுப்போட்டு மூலிகைச் சாறுங்கறீங்க. அவங்களப் புகழறதா நெனச்சு அவங்க பட்ட பாட்டையே திருடறீங்களேங்க!"

இந்த முறை கைதட்டல் இல்லை. கைதட்டிப் பழகியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அப்புறம் எங்கள் ஊர் மரியாதை மாறாமல் ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "ஏனுங்க சாமி, சித்தெ இப்படி வந்து உக்காருங்க. உங்களப் போலீசுல புடிச்சுக் குடுக்கோணுமுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இளநீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

திருமூர்த்தி கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தான். எல்லாருக்கும் முந்தி லாரியில் ஏறித் தன் மோட்டாரைக் கட்டிப்பிடித்து இறக்கினான். அதை வண்டியில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்த்தான். வாசலில் வந்து, "தப்பாப் போச்சு அம்மணி" என்றான்.

"அதைப் பொறகு பாக்கலாமுங்க. ஷட்டவுன் ரகசியத்தைக் காப்பாத்தற அவசரத்துல நான் மாவாட்ட மறந்துபோட்டேன். அரிசி ஊறிக்கிட்டுக் கெடக்குது." புறக்கடை மூலையில் தூசி படிந்து கிடந்த ஆட்டுக்கல்லைக் காட்டினாள். "முன்னோர் தொழில்நுட்பம். கரண்ட் வேண்டாம். உக்காந்து சுத்துங்க."

திருமூர்த்தி சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினான். மாவு மசிவதற்குள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் எப்போது வரும் என்று நாலுதரம் கேட்டான்.

ஆக, கல் என்றைக்கும் தானாகச் சுற்றியதில்லை ஐயா. கை சுற்றியது, மாடு சுற்றியது, இப்போது கரண்ட் சுற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எவனோ ஒருவன் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தலை உங்களிடமும் ஒன்று இருக்கிறது. அதற்கு மின்வாரியத்தில் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், மாதாந்திரப் பராமரிப்பும் கிடையாது. மேடையில் எவனாவது கண்ணை மூடி முணுமுணுக்கும்போது அதன் மெயினை நீங்களாக அணைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.