ஸ்பீக்கருக்குப் பத்துப் பொருத்தம்

காலை ஆறரைக்கே கரமனையில் எங்கள் தெருமுனையில் வரிசை. எல்லார் கையிலும் துண்டில் சுற்றி ஒன்று இருந்தது. தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர். குட்டை, நெட்டை, உருளை, பூசணிக்காய் வடிவம் என்று சகல ஜாதியும் இருந்தது. ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

எல்லாம் ‘நாதரத்னம்’ ஸ்ரீகண்டனைத் தரிசிக்க. மூன்று வருஷம் முன்புவரை கிழக்கேகோட்டையில் மொபைல் கவர் விற்றவர். ரத்னம் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிளெக்ஸ் அடிக்கிறவர் கொடுத்திருப்பார்.

அவருடைய சித்தாந்தம் ஒரே வார்த்தையில் நின்றது. “ஸ்பீக்கரைப் போனோட சேர்க்கறச்சே என்ன எழுதி வரது? பேரிங். பேரிங்னா ஜோடி சேர்க்கறது. ஜோடின்னா பொருத்தம் பார்க்க வேண்டாமோ? வெள்ளைக்காரனே ஒத்துண்டாச்சு. நமக்குத்தான் புத்தியில்லை, கேட்டேளா.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், செகண்ட் கிளாஸ். டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் என் மனைவி நாகலக்ஷ்மி. போன வருஷம் அவள் பார்வை மங்கிவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது என்பாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஜானவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தினம் ஒரு நாவலில் ஓர் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். போனில் வரும் சத்தம் அம்மா காதுக்கு எட்டவில்லை என்று ஒரு ஸ்பீக்கரும் அனுப்பினாள். நாலு மணிக்குக் காப்பியும் கதையும். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் திட்டுவதில்லை என்பதால் எனக்கும் இலக்கியத்தில் ஈடுபாடு வந்துவிட்டது.

எதிர்வீட்டுச் சிவகாமியம்மாள்தான், பொருத்தம் பார்க்காமலா ஆத்துக்குள் சேர்த்தேள் என்று பிள்ளையார் சுழி போட்டாள்.

என் டோக்கன் முறை வந்ததும் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்ரீகண்டன் எங்கள் வீட்டுக்கே வந்தார். அட்டைப்பெட்டியின் அடியில் இருந்த தயாரிப்புத் தேதிதான் ஜனன தேதி. பிறந்த ஊர் சீனா என்பதால் இரண்டரை மணி நேரம் கழித்தார். கணக்கில் சுத்தம். நாகலக்ஷ்மியைக் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடச் சொன்னார். என்னைப் பஞ்சாங்கம் எடுக்க மாடிக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது ஸ்பீக்கருக்குக் குங்குமம் வைத்தாகியிருந்தது. அதன் தலையில் அவருடைய வலது கை. இடது கை வேட்டி மடிப்பில்.

ஸ்பீக்கர் அழுதது. ஒரு பெண்பிள்ளை தலைவிரித்து அழுவது போல அழுதது. நான் பஞ்சாங்கத்தைக் கீழே போட்டேன்.

“ராக்ஷஸ கணம். அதுகூடப் போட்டும், ரஜ்ஜு தட்டறது,” என்றார். “ரஜ்ஜு தட்டினா மாமாவோட உயிருக்குத்தான் ஆகாது. பேடிக்காதேங்கோ, அடுத்த வார வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோய் சங்குமுகம் கடல்ல கரைச்சுடறேன். தேவ கணத்துல ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதை மாத்தித் தரேன்.” தட்சிணை தனி. அதுவரை இதைத் தொடக்கூடாது.

நாகலக்ஷ்மி ஸ்பீக்கரைத் தடவித் தடவி எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். அப்புறம்தான் சொன்னாள்: “நீங்க இல்லாம எனக்கு என்ன கதை வேண்டிக்கிடக்கு?”

கதை நின்றது. நாலு மணிக்குக் காப்பி ஆறிக்கொண்டிருக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜானவி அனுப்பிய அத்தியாயங்கள் போனிலேயே சேர்ந்தன. இதெல்லாம் அபத்தம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பிசிக்ஸ் காலேஜில் படித்தது. உயிர் சொந்த உயிர்.

ஒன்பதாம் நாள் பொன்செல்வி வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டில் சமையல் செய்கிறவள். வள்ளியூர்க்காரி. புருஷன் கட்டட வேலை.

“அய்யா, அந்தாளு ஒங்கள மாடிக்கு அனுப்புனாருல்லா, அப்ப நான் அடுக்களையில நின்னு பாத்தேன். ஸ்பீக்கருல பொத்தானை அமுக்குனாரு, நீல லைட்டு மின்னிச்சு. போனை எடுத்து என்னமோ செஞ்சுட்டு மடிக்குள்ள வச்சுக்கிட்டாரு.”

அதனால் என்ன என்று கேட்டேன். செகண்ட் கிளாஸ் என்றால் சும்மாவா.

அவர்கள் லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து இதே மாதிரி ஒரே ஸ்பீக்கராம். எவன் போன் முந்திச் சேர்கிறதோ அவன் பாட்டுதான் ஓடுமாம், இன்னொருவன் போன் உள்ளே வராதாம், தினமும் அதனால் சண்டையாம்.

“வெள்ளிக்கிழமை அவரு வாரதுக்கு முந்தி என் போனைச் சேத்து வச்சுருதேன். நெசமாவே அதுக்குள்ள ராட்சசன் இருந்தா என் போனு இருந்தாலும் அழத்தானே செய்யும்?”

அவளிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூடம் கொள்ளாத கூட்டம். ராக்ஷஸனை வழியனுப்ப ஆசை. ஸ்ரீவராகத்திலிருந்து கைலாஷ் என்கிற பேங்க் பையன்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஸ்ரீகண்டன் பையிலிருந்து தேவ கணத்தை எடுத்து மணையில் வைத்தார். எங்கள் ஸ்பீக்கரின் தலையில் கை வைத்தார். “கடைசியா ஒரு தடவை அழும். அதோட விட்டுடும்.” இடது கை மடிப்புக்குள் போனது.

ஸ்பீக்கர் அழவில்லை.

மடிப்புக்குள் விரல் மறுபடி அசைந்தது. மறுபடி. நெற்றியில் வியர்வை. சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கட்டைவிரலால் எதையோ நாலைந்து தடவை அழுத்தினார்.

அழுகை கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து அல்ல. நாதரத்னத்தின் இடுப்பிலிருந்து, தகர டப்பாவுக்குள் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி.

சிவகாமியம்மாள் கையைக் கூப்பினாள். “அடப்பாவமே, ராக்ஷஸன் அவருக்குள்ளயே எறங்கிட்டானே.”

எங்கள் தெருவின் பக்தியை அவ்வளவு சுலபமாக அசைத்துவிட முடியுமா?

“ஆமா மாமி, மடியில சார்ஜோட இருக்கான்,” என்றாள் பொன்செல்வி. தன் போனை ஒரு தட்டுத் தட்டினாள். ரஜ்ஜு தட்டும் ஸ்பீக்கரில் வள்ளியூர் வில்லுப்பாட்டு கணீரென்று கிளம்பியது.

கைலாஷ் ஸ்ரீகண்டனின் மடிப்பிலிருந்து போனை எடுத்து உரக்க வாசித்தான். திரையில் மூன்று பதிவுகள்: ‘தேவ ஓம்’, ‘அழுகை சின்னது’, ‘அழுகை பெரிய வீடு’. நாங்கள் பெரிய வீடு என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை, மறைப்பானேன்.

அப்புறம் அவன் மணையில் இருந்த தேவ கணத்தைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு கீறல். “மாமா, இது எங்காத்து ஸ்பீக்கராக்கும். போன மாசம் கடல்ல கரைச்சேன்னேளே, நனையாம எப்படி வந்தது?”

தட்சிணை கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். நாகலக்ஷ்மி சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஸ்ரீகண்டனுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். “குடிச்சுட்டு, வாங்கினதை எல்லாம் அவாஅவாளுக்குத் திருப்பிக் கொடுங்கோ. பன்னண்டு நாள் நான் எம் பொண்ணு குரலைக் கேக்கலை.” அவர் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நாலு மணிக்கு ஜானவி மூன்று அத்தியாயம் வாசித்தாள். என்னை யாரும் திட்டவில்லை.

மறுநாள் காலை எங்கள் அடுக்களை வாசலில் வரிசை. நல்ல ஸ்பீக்கர் எது என்று பொன்செல்வி சொல்ல வேண்டுமாம். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். கடையில் கேட்ட சத்தத்தை நம்பாதீர்கள், பிடிக்காவிட்டால் கடைக்காரன் திருப்பி எடுப்பானா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டில் நீங்கள் உட்காருகிற இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள், பேச்சு தெளிவாக இருக்கிறதா, சார்ஜ் ஒரு நாள் நிற்கிறதா, அவ்வளவுதான்.

எல்லாரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். சிவகாமியம்மாள் மட்டும் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு சந்தேகம் கேட்டாள்: “போட்டுப் பார்க்கறச்சே எந்தத் திசையைப் பார்த்து உக்காரணும்?”

பொன்செல்வி கரண்டியோடு என்னைப் பார்த்தாள். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“எந்தத் திசையா இருந்தாலும் ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு மாமி. அதை ஆன் பண்ணிண்டு உக்காருங்கோ. நானே நேத்திக்குத்தான் பண்ணினேன்.”