சிரட்டை சோப்பு

லேபிள் மறுபடியும் கழன்று விழுந்தது. பிரீனா அதை எடுத்து ஓலைப்பெட்டியின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். பத்து எண்ணும்வரை அழுத்தினாள். கையை எடுத்ததுதான் தாமதம், லேபிள் ஓரம் சுருண்டு, மெல்ல எழும்பி, அவள் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஓலையில பசை நிக்காது மக்கா. மினுமினுன்னு இருக்குல்லா" என்றாள் மாமியார் தேவகனி.

"நின்னாகணும் மாமி. பத்து மணிக்கு கோட்டாத்துல இருந்து வண்டி வருது!"

ஆறு மாதமாக பிரீனா சோப்பு காய்ச்சுகிறாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தாள். அவர்களும் "நல்லாருக்கு" என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கடைச் சோப்பிலேயே குளித்தார்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒருத்தி காசு கொடுத்துக் கேட்டிருக்கிறாள். கோட்டாற்றில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் ஆதிரா. முதலில் இருபது பெட்டி. பிடித்துவிட்டால் மாதம் ஐந்நூறு. மாதம் ஐந்நூறு! அதை நினைத்து நினைத்தே மூன்று நாளாக பிரீனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சோப்பின் அழகே அதன் வேஷத்தில்தான் இருந்தது. கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வார்த்தது. கவிழ்த்து எடுத்தால் அசல் கருப்பட்டி. அதைக் கருப்பட்டி வைக்கிற ஓலைப்பெட்டியிலேயே வைத்து மூடினாள். "பாக்குறவிய கருப்பட்டின்னு நெனச்சு எடுக்கணும். லேபிளப் பாத்து அசந்து போணும்" என்பது அவள் திட்டம். ஆக, கருப்பட்டிக்கும் சோப்புக்கும் நடுவில் நின்றது அந்த லேபிள் ஒன்றுதான். அதுவும் நிற்கமாட்டேன் என்கிறது.

போதாக்குறைக்கு அன்று சர்ச்சில் சபை நாள் அசனம், சபை முழுக்கச் சேர்ந்து உண்ணும் விருந்து. பாயாசத்துக்குக் கருப்பட்டி தேவகனியின் காணிக்கை. அதுவும் இருபது பெட்டி. அதே ஆளிடம் முடைந்து வாங்கிய அதே ஓலைப்பெட்டி. உள் அறையில் அடுக்கி வைத்திருந்தாள்.

பிரீனா சளைக்கவில்லை. மைதா மாவைக் கிண்டி, கையளவு பசை அப்பி, இருபது லேபிளையும் ஒட்டி, பெட்டிகளை முற்றத்து வெயிலில் வரிசையாக வைத்தாள். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் ஒரு காப்பி போட்டுக் குடித்தாள். அந்தக் காப்பிதான் வினை.

வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு ஞானத்தின் ஆடு கடைசிப் பெட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளை ஒன்றும் செய்யவில்லை. மைதாவையும் இருபது லேபிளையும் மட்டும் சுத்தமாகத் தின்று தீர்த்திருந்தது.

"ஐயோ! மாமி! போச்சு! எல்லாம் போச்சு!"

தேவகனி ஓடிவந்து ஆட்டை விரட்டினாள். "கெடந்து கூப்பாடு போடாத ஏட்டி. பெட்டியெல்லாம் நான் உள்ள எடுத்து வைக்கேன். நீ போயி வேற லேபிள் அடிச்சிட்டு வா."

பெட்டிகளை மாமியார் அதே உள் அறையில் கொண்டுபோய் அடுக்கினாள். பிரீனா ஸ்கூட்டரை எடுக்கும்போது, மாமியார் அவள் கணவன் எபிசனிடம் சொல்வது கேட்டது.

"நல்லா கேட்டுக்க. தெக்க இருக்குது அவளுக்க சோப்பு. வடக்க இருக்குது எனக்க கருப்பட்டி. நான் தேங்கா திருவ சர்ச்சுக்குப் போறேன். ஆட்டோ வந்தா கருப்பட்டிய ஏத்தி விட்டிரு."

"சரிம்மா" என்றான் எபிசன். குவைத்திலிருந்து ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டுக்கு ஏதாவது உதவி செய்தே தீருவது என்ற வெறியில் இருந்தான்.

கொட்டாரம் ஜங்ஷன் பிரிண்டிங் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது மெஷின் சூடாகவில்லை. சூடானபோது பேப்பர் சிக்கியது. பிரீனா லேபிளோடு வீடு திரும்பும்போது மணி பத்தே முக்கால்.

வாசலில் எபிசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு, போச்சு! டிரைவரு நிக்கமாட்டேன்னு கெடந்து பறந்தான். ஆர்டர் கைய விட்டுப் போயிரக்கூடாதுல்லா? லேபிள் இல்லேன்னா என்ன, இருபது பெட்டியையும் நானே ஏத்தி விட்டேன்!"

பிரீனாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"எந்தப் பக்கம் இருந்தத எடுத்திய?"

"அம்மதான் சொன்னாவளே, தெக்கன்னு. அந்தா, அந்த ஜன்னல் பக்கம்."

பிரீனா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மருத்துவாமலை தெரிந்தது.

"ஏங்க, மருத்துவாமலை எப்பம் தெக்க வந்துச்சு?"

எபிசன் மலையைப் பார்த்தான். சூரியனைப் பார்த்தான். விரலை நீட்டி ஏதோ கணக்குப் போட்டான். "குவைத்துல எல்லா பக்கமும் ஒண்ணுபோலல்லா இருக்கும்" என்றான்.

"அப்பம் மத்த இருபது?"

"ஆட்டோவுல சர்ச்சுக்கு…"

"ஏசப்பா! சபையே சோப்ப குடிக்கப் போகுதே!"

மாமியாருக்குப் போன் போட்டாள். அசனச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? ஸ்கூட்டர் பறந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் பிரீனா ஒரு ஜெபம் சொன்னாள். ஆர்டர் போனால் போகட்டும், ஆள் போகக்கூடாது.

சர்ச் வளாகத்தில், ஆள் இறங்கிக் குளிக்கலாம்போல இருந்த வார்ப்பில் பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் சிலுவைதாசன் துடுப்புபோட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். மேலே பழுப்பாக நுரை தள்ளியது.

"அண்ணே! கருப்பட்டி எல்லாம் போட்டாச்சா?"

"உருக்கி, அரிச்சு, ஊத்தியும் ஆச்சு. இப்பம் வந்து கேக்கியே."

"ஒரு பெட்டியாவது மிச்சம் இருக்கா?"

"பெட்டியெல்லாம் அடுப்புக்குள்ள. ஓலை நல்லாப் பிடிக்குமில்லா."

"அது கருப்பட்டி இல்ல அண்ணே, சோப்பு! நுரையப் பாருங்க!"

"கருப்பட்டின்னா நுரைக்கத்தான் செய்யும். முப்பது வருசமா பாயாசம் வைக்கேன், எனக்குப் படிச்சுத் தாறியா?" என்று கரண்டியில் கோரி வாய்க்குக் கொண்டுபோனார். பிரீனா ஒரே தட்டு. கரண்டி தேங்காய்க் குவியலில் போய் விழுந்தது.

கூட்டம் கூடிவிட்டது. தேவகனி திருவிய தேங்காயோடு ஓடிவந்தாள். பிரீனா மூச்சுவாங்க ஆட்டில் ஆரம்பித்து மலை வரைக்கும் சொன்னாள். "சோடாக்காரம் போட்டது மாமி. யாரும் விரல வச்சுக்கூட பாக்காதீங்க!"

அதற்குமேல் யார் வாயில் வைப்பார்கள்? நாலு பேர் சேர்ந்து வார்ப்பைத் தூக்கினார்கள். நானூறு பேருக்கு வைத்த பாயாசம் மதில் ஓரத்துத் தென்னைமூட்டில் போய்ச் சேர்ந்தது. டம்ளரோடு காத்திருந்த பிள்ளைகள் அதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அப்போது பிரீனாவின் போன் அடித்தது. ஆதிரா. கையெல்லாம் பிசுபிசுப்பு. போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு. மன்னிச்சிருங்க…"

"தப்பா? என்ன பிரீனா பேசுத! நான் மொத ஆளா குளிச்சிட்டு வந்துதான் கூப்பிடுதேன். சோப்புன்னா இதில்லா சோப்பு! மேலெல்லாம் என்னா மெதுமெதுப்பு, என்னா மணம்! ஐந்நூறு பெட்டி உறுதி. இந்த மாசமே ஆரம்பிச்சிரு!"

பிரீனா "ஹய்யோ!" என்று கத்தி ஒரு குதி குதித்தாள். ஐந்நூறு! மாமியாரைக் கட்டிப்பிடித்தாள், தேங்காய்ப்பூ முழுக்கச் சிதறியது. இரண்டாவது குதிக்குக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். ஆதிராவுக்குச் சோப்பு ஒழுங்காகப் போயிருக்கிறது என்றால்…

சபையும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அப்பம் நான் கொட்டினது என்னது?" என்று சிலுவைதாசன் கேட்டார்.

"நல்ல பாயாசம்" என்றாள் தேவகனி. "எனக்க காணிக்க. இருபது பெட்டி நயம் கருப்பட்டி."

அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கிய எபிசன், விஷயத்தைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினான். "நான் அப்பமே சொன்னேன்லா, அது தெக்குதான்னு!"

நானூறு பேரும் பிரீனாவைப் பார்த்தார்கள். டம்ளர் வைத்திருந்த பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்கள். ஓடலாமா, மயங்கி விழலாமா என்று பிரீனா யோசித்தாள்.

போன் மேஜையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"பிரீனா, கேக்குதா? ஒரே ஒரு சின்னக் குறைதான். நுரை வராதது பரவாயில்ல, இயற்கைன்னா அப்படித்தான் இருக்கும். ஆனா குளிச்சிட்டு வந்ததுல இருந்து மேலெல்லாம் எறும்பு ஏறுது, அத மட்டும் கொஞ்சம் பாத்துக்க."