பதினேழு தொட்டியும் ஒரு நடுவரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மீரா சாகிப். முன்வரிசையில் இரண்டாம் மாடி ஆசியா பீவியும் மகள் ஷஹீதாவும். சீனக் குடும்பத்தார் நான்கு பேர். மலாய்க் குடும்பத்தார் ஆறு பேர். மற்றத் தமிழர்கள் பதினொரு பேர். சுவரோரம் வேட்பாளர்கள் இரண்டு பேர்: அய்யாக்கண்ணு, அவர் மனைவி லோகேஸ்வரி. ஆக இருபத்தாறு. பூனை ஒன்றும் இருந்தது. அதற்கு ஓட்டு இல்லை.

எண்ணியவர் அய்யாக்கண்ணுதான். முப்பத்தொரு வருடம் தினமும் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலை ஸ்டோரில் திருகாணி எண்ணிவிட்டு வந்தவர். ஓய்வு பெற்றதும் எண்ண ஒன்றுமில்லாமல் கை நமநமத்தது. நாலாம் மாடி நடைபாதையில் செடி வளர்த்து அதை எண்ணத் தொடங்கினார். செம்பருத்தி ஐந்து, கற்றாழை நான்கு, மணி பிளாண்ட் ஏழு, கறிவேப்பிலை ஒன்று. ஆகத் தொட்டி பதினேழு. கறிவேப்பிலையில் ஒரு நாளைக்கு இரண்டு ஈர்க்குக்கு மேல் கிள்ள லோகேஸ்வரிக்கே அனுமதி இல்லை.

நடக்க வழியில்லை என்று அந்த மாடிக்காரர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். அதே மாதம் சங்கம் ஒரு முடிவெடுத்தது. அடுத்த வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றிப்போடும் சண்டை, ஈரத்துணி சொட்டும் சண்டை, கராவோக்கே பாட்டுச் சண்டை எல்லாவற்றையும் தீர்த்துவைக்க ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பது.

அய்யாக்கண்ணு கணக்குப் போட்டார். நாமே நடுவர் என்றால் தொட்டி வழக்கு நம்மிடமே வரும். நம் தொட்டிக்கு நம் தீர்ப்பு. உடனே பெயர் கொடுத்தார். வேறு யாரும் கொடுக்கவில்லை. ஊர்ச் சண்டையை யார் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்? ஆனால் போட்டியில்லாமல் யாரும் நடுவராக முடியாது என்று சங்கத்தில் விதி.

"லோகா, பேருக்கு நீ நில்லு."

"தீர்ப்பு சொல்ற ஆளாங்க நானு?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தோத்தா போதும்."

"அது நல்லா வரும்ங்க. முப்பத்தெட்டு வருஷப் பழக்கமாச்சே."

அய்யாக்கண்ணு அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, சமையலறையில் லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஓட்டுகூட விழாட்டி நான் எப்படிங்க லிஃப்ட்ல ஏறுவேன்? சைபர் வருது பாருன்னு சிரிப்பாங்களே."

அவருக்கு மனசு கரைந்தது. எதையும் எண்ணுகிற மனிதர், தட்டில் நறுக்கியிருந்த வெங்காயத்தை மட்டும் எண்ணவில்லை.

"அழாத. யார்கிட்டயாச்சும் சொல்லி வைக்கிறேன்."

"ஊரெல்லாம் சொல்லாதீங்க. ஒரே ஒருத்தர் போதும். ஆசியா பீவிகிட்ட சொல்லுங்க. அவங்க வாயே திறக்க மாட்டாங்க."

அய்யாக்கண்ணு கூச்ச சுபாவக்காரர். ஒருத்தரிடம் பேச நாலு நாள் ஆயிற்று. கடைசியில் லிஃப்டில் மாட்டினார் ஆசியா பீவி.

"நம்ம வீட்டுக்காரிக்கு ஒரு ஓட்டு போட்டுடுங்க, பீவி. பாவம். யாருக்கும் தெரிய வேணாம்."

"என்னண்ணே, என்கிட்டயா சொல்றீங்க? இந்த வாய்க்குப் பூட்டு போட்டாச்சுலா!"

இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. பூட்டும் கூடவே திறந்தது.

இப்போது மண்டபத்தில் ஆளுக்கொரு துண்டுத் தாள். அய்யாக்கண்ணு பென்சிலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பீவி மறந்துவிட்டால்? தனக்கு எப்படியும் இருபதுக்குக் குறையாது. அதில் ஒன்று போனால் என்ன? பெருந்தன்மையோடு 'லோகேஸ்வரி' என்று எழுதி, நாலாக மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டார்.

மீரா சாகிப் ஒவ்வொன்றாகப் பிரித்தார். "லோகேஸ்வரி. லோகேஸ்வரி. லோகேஸ்வரி."

ஏழாவதில், லோகாவின் தாளெல்லாம் டின்னில் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அய்யாக்கண்ணு நினைத்தார். பதினைந்தாவதில் நாற்காலி தேடினார்.

"லோகேஸ்வரி அக்கா இருபத்தஞ்சு. அய்யாக்கண்ணு அண்ணன் ஒண்ணு."

"உங்களுக்குத்தான் எல்லாரும் போடுவாங்களே அண்ணே, அக்காவுக்கு நானாச்சும் போடலாம்னு..." என்று வந்து கையைப் பிடித்தவர்கள் பன்னிரண்டு பேர். அந்த நிலைமையிலும் எண்ணினார்.

"அந்த ஒண்ணு யாரு?" என்றார், கூட்டத்தைப் பார்த்து. ஒரு நல்ல மனசாவது இந்த ஃபிளாட்டில் இருக்கிறதே!

"நான்தாங்க" என்றார் லோகேஸ்வரி. "நீங்க சைபரோட லிஃப்ட்ல ஏறினா எனக்குத் தாங்குமா?"

கைதட்டல் அடங்குவதற்குள் மீரா சாகிப் முதல் புகாரை மேசையில் வைத்தார். பதினேழு தொட்டி.

"லோகா..." என்று ஆரம்பித்தார் அய்யாக்கண்ணு.

"நடுவரேன்னு சொல்லுங்கண்ணே" என்றார் மீரா சாகிப்.

நடுவர் தாளைப் படிக்கவே இல்லை.

"நானே மூணு தடவை கால் இடிச்சிருக்கேன். வேற சாட்சி வேணாம். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் கீழ போயிடணும். சமையலுக்கு ஆகுறது மட்டும் இருக்கட்டும். கிள்ளுறதுக்குக் கணக்கும் கிடையாது."

அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி, பதினாறு நடை. கடைசி நடை முடிந்து அவர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோது, லோகேஸ்வரி கை நிறையக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷம். அய்யாக்கண்ணு நடைபாதையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எண்ணினார்.

மிச்சம், ஒன்று.